சிரிப்புக்கு அஞ்சாத பிரதமர்

2022 ஒக்டோபர் 20 அன்று லிஸ் ட்ரஸ் பதவி விலகுவதாக அறிவித்தபோது, பிரித்தானியப் பிரதமரை ஒரு லெட்டூஸ் கீரை தோற்கடித்துவிட்டது என்று உலகமே சிரித்தது. அவருடைய அதிகாரத்துக்கு ஒரு லெட்டூஸின் ஆயுள்தான் என்று எக்கொனமிஸ்ட் இதழ் எழுதியதைப் பிடித்துக்கொண்ட டெய்லி ஸ்டார் பத்திரிகை, ஆறு நாட்களுக்கு முன்னர் ஒரு லெட்டூஸை மேசையில் வைத்து, பக்கத்தில் அவருடைய படத்தையும் நிறுத்தி, இரண்டில் எது அதிக நாள் தாங்கும் என்று கேட்டு இணையத்தில் நேரலையாகக் காட்டத் தொடங்கியிருந்தது. லெட்டூஸுக்குக் கண்கள் ஒட்டினார்கள், பொய்முடி மாட்டினார்கள். எவ்வளவு பெரிய அரசியல் கொந்தளிப்பு வந்தாலும் பிரித்தானியர்கள் அதைச் சிரித்தே கடந்துவிடுகிறார்கள், இந்த நாட்டின் பலமே அதுதான் என்று அந்த நாட்களில் பலரும் எழுதினார்கள். அந்தக் கருத்தை என்னால் அன்றும் ஏற்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை.

ட்ரஸை வீழ்த்தியது கடன் பத்திரச் சந்தை. செப்டெம்பர் 23 அன்று நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் ஏறத்தாழ 4,500 கோடி பவுண் வரிக்குறைப்பை அறிவித்தார். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கான கணக்கு அதில் இல்லை. அடுத்த சில நாட்களில் பவுணின் மதிப்புச் சரிந்தது. அரசாங்கக் கடன் பத்திரங்களின் விலை வீழ்ந்து ஓய்வூதிய நிதியங்கள் ஆட்டங்கண்டன. செப்டெம்பர் 28 அன்று இங்கிலாந்து வங்கி தலையிட்டு 6,500 கோடி பவுண் வரை பத்திரங்களை வாங்கத் தயார் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. வரவுசெலவு அறிவிப்பு வந்த நாளில் சராசரி 4.74 சதவீதமாக இருந்த இரண்டாண்டு நிலையான மோட்கேஜ் (வீட்டுக்கடன்) வட்டி, இரண்டு வாரத்துக்குள் 6 சதவீதத்தைத் தாண்டியது. லெட்டூஸ் மேசைக்கு வந்தது இவை எல்லாம் நடந்து முடிந்தபின், குவார்ட்டெங் பதவி நீக்கப்பட்ட அதே நாளில். பிள்ளைகள் அந்த நேரலையைப் பார்த்துச் சிரித்த மாலைப்பொழுதில் நானும் மனைவியும் சமையலறை மேசையில் இருந்து, முடியப்போகும் எங்கள் மோட்கேஜுக்குப் புதிய வட்டியில் மாதம் எவ்வளவு கூடும் என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தோம். விழுந்துகொண்டிருந்த ஒருவரைப் பார்த்துச் சிரிப்பதற்குத் துணிவு தேவையில்லை. அவர் ஏறிக்கொண்டிருந்த நாட்களில் நகைச்சுவை என்ன செய்தது என்பதுதான் என் கேள்வி.

அந்தக் கேள்விக்கு மரியாதைக்குரிய விடை ஒன்று உண்டு. 2022 செப்டெம்பர் 4 அன்று பிபிசியில் லோரா குன்ஸ்பேர்க்கின் ஞாயிறு காலை நிகழ்ச்சி முதன்முறையாக ஒளிபரப்பானது. ட்ரஸின் நேர்காணல் முடிந்ததும் விருந்தினர் மேசையில் இருந்த நகைச்சுவைக் கலைஞர் ஜோ லைசெட் உரக்கக் கைதட்டி ஆரவாரித்தார். கருத்துக் கேட்டபோது, தான் தீவிர வலதுசாரி என்றும், நேர்காணல் அபாரமாக இருந்ததென்றும், ட்ரஸ் என்ன செய்யப்போகிறார் என்பது தனக்கு மிகத் தெளிவாகிவிட்டதென்றும் முகத்தில் சலனமின்றிப் புகழ்ந்துகொண்டே போனார். எரிசக்திக் கட்டண உயர்வால் நாடு கலங்கியிருந்த வேளையில் அந்த நேர்காணலில் தெளிவான பதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை எந்த அரசியல் விமர்சகரையும் விடத் துல்லியமாக அந்தப் புகழ்ச்சி காட்டியது. மறுநாள் டெய்லி மெயில் அதை முதற்பக்கத்தில் கண்டித்தது. நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று ட்ரஸ் பதவியேற்க இரண்டு நாட்கள் இருந்தன. அதிகாரம் கைக்கு வருமுன் கேட்ட சிரிப்பு அது. லெட்டூஸோடு ஒப்பிட்டால் அதை இன்று நினைவு வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே.

அரங்கில் அமர்ந்திருந்த மக்மிலன்

இந்த நாட்டின் நவீன நையாண்டியின் கதையை 1961இல் தொடங்குவது வழக்கம். பீட்டர் குக் என்ற இளைஞர் மேடையில் பிரதமர் ஹரோல்ட் மக்மிலனைப் போல நடித்துக் காட்டினார். பதவியில் இருக்கும் பிரதமரை மேடையில் அப்படிக் காட்டுவது அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல். ஆனால் மக்மிலன் ஒருநாள் அந்த நாடகத்தைப் பார்க்கத் தானே வந்து அமர்ந்துவிட்டார். அவரைக் கண்ட குக், எழுதிவைத்த வசனத்தை விட்டுவிட்டு, மாலைப்பொழுது ஓய்வாகக் கிடைத்தால் துடிப்பான இளம் நையாண்டிக்காரர்களின் நாடகத்துக்குப் போய், என் கிழட்டு முகம் நிறைய அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்திருப்பதே எனக்குப் பிடித்த வேலை என்று மக்மிலனின் குரலிலேயே பேசினார். நான் இந்தச் சம்பவத்தை அடிக்கடி நினைப்பதுண்டு. குக்கின் வசனம் கூர்மையானதுதான். ஆனால் சீட்டு வாங்கிப் போய் உட்கார்ந்த மக்மிலனின் செயல் அதைவிடக் கூர்மையான அரசியல். தன்னைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு சேர்ந்து தானும் சிரிக்கத் தெரிந்தவரை என்ன செய்வது என்ற சிக்கல் அந்த அரங்கிலேயே தொடங்கிவிட்டது. குக்குக்கு இது புரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். சோஹோவில் நையாண்டிக்கென்றே ஒரு கிளப்பைத் திறந்தபோது, ஹிட்லரின் எழுச்சியைத் தடுக்க அரும்பாடுபட்ட பெர்லின் கபரே அரங்குகளே தனக்கு முன்மாதிரி என்று அவர் சொன்னார்.

பின்னர் வந்தவர்கள் மக்மிலனின் வழியை நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். அதிகாரிகளிடம் அகப்பட்டு விழிக்கும் அமைச்சரைப் பற்றிய பிபிசியின் தொலைக்காட்சித் தொடரை மார்கரெட் தட்சர் மிகவும் விரும்பிப் பார்த்தார்; 1984இல் அந்தத் தொடரின் நடிகர்களோடு மேடையேறித் தானே ஒரு காட்சியில் நடித்தும் காட்டினார். அதே ஆண்டில் ஐடிவியில் ஸ்பிட்டிங் இமேஜ் என்ற பொம்மலாட்ட நிகழ்ச்சி தொடங்கியது. அதில் தட்சர் ஆண்களின் கோட்டும் சூட்டும் அணிந்து அமைச்சர்களை அதட்டினார். இப்படிக் காட்டியது அவரைச் சிறுமைப்படுத்தவில்லை, அவர் விரும்பிய கடுமையான பிம்பத்தையே வளர்த்துக் கொடுத்தது. தோல் ஜாக்கெட் போட்ட அடியாளாகக் காட்டப்பட்ட அவருடைய அமைச்சர் நோர்மன் டெபிட்டுக்கும் தன் பொம்மை பிடித்திருந்தது.

உண்மையில் அடிபட்டவர் லிபரல் கட்சித் தலைவர் டேவிட் ஸ்டீல். அவருடைய கட்சியும் டேவிட் ஓவனின் சமூக ஜனநாயகக் கட்சியும் கூட்டணியாக 1987 தேர்தலைச் சந்தித்தபோது, ஓவனின் கோட்டுப் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் குட்டிப் பொம்மையாக ஸ்டீலைக் காட்டினார்கள். அந்தப் பொம்மை தனக்குச் சேதம் விளைவித்தது என்பதை ஸ்டீலே பின்னாளில் ஒத்துக்கொண்டார். தட்சருக்குப் பின் பிரதமரான ஜோன் மேஜரை உடல் முழுவதும் சாம்பல் நிறமாக்கி, இரவுணவில் பட்டாணியைப் பற்றிப் பேசவைத்தார்கள். கார்டியனில் ஸ்டீவ் பெல் அவரைக் காற்சட்டைக்கு மேல் உள்ளாடை அணிந்தவராக வரைந்துகொண்டே இருந்தார். அந்த இரண்டு படங்களும் மேஜரை விட்டு அகலவில்லை. ஸ்டீலும் மேஜரும் மென்மையானவர்கள். மக்கள் தங்களைப் பொறுப்பான மனிதர்களாக மதிக்க வேண்டும் என்று விரும்பியவர்கள். நையாண்டி ஒருவரிடமிருந்து பறிக்கக்கூடியது மரியாதையைத்தான். மரியாதையை மூலதனமாக வைத்திருப்பவருக்கு அந்த இழப்பு வலிக்கும். கொடுமைக்காரர் என்று பெயர் வாங்குவதை வரவாக எண்ணுபவருக்கு வலிக்காது. கோமாளி என்று பெயர் வாங்குவதையும் வரவாக எண்ணுபவர் ஒருவர் வருவார் என்று அன்று எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

சிரித்துக்கொண்டே வந்தவர்

பொரிஸ் ஜோன்சன் 1998இல் பிபிசியின் வாராந்தரச் செய்தி நையாண்டி நிகழ்ச்சியான ஹவ் ஐ கொட் நியூஸ் ஃபோர் யூவில் முதன்முறையாகத் தோன்றினார். அப்போது அவர் பத்திரிகையாளர் மட்டுமே. நிகழ்ச்சியின் நிரந்தரக் குழுத் தலைவர்களில் ஒருவரும் பிரைவேட் ஐ இதழின் ஆசிரியருமான இயன் ஹிஸ்லொப், ஒரு பழைய தொலைபேசி உரையாடலைக் கிளறினார். ஜோன்சனின் பள்ளித் தோழர் ஒருவர், தன்னைப் பற்றி விசாரித்துவந்த ஒரு செய்தியாளரை அடித்துக் காயப்படுத்துவதற்காக அவருடைய முகவரியைத் தேடித் தரும்படி கேட்ட உரையாடல் அது. அதன் ஒலிப்பதிவு வெளியாகியிருந்தது. எந்த நாட்டிலும் ஒருவருடைய பொதுவாழ்வை முடித்துவைக்கக்கூடிய கேள்வி. ஜோன்சன் தடுமாறினார், தலைமயிரைக் கலைத்தார், பாதி வசனத்தில் நின்றார், அரங்கம் சிரித்தது. அந்தக் காட்சியில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஹிஸ்லொப்பின் முகத்தை. அவர் உண்மையாகவே பதிலை எதிர்பார்க்கிறார். ஆனால் அவர் அமர்ந்திருப்பது மக்கள் சிரிப்பதற்காகவே வந்திருக்கும் ஓர் அரங்கம். அங்கே பதிலுக்குப் பதிலாகச் சிரிப்பைக் கொடுத்தாலும் கணக்குத் தீர்ந்துவிடும். ஜோன்சன் பின்னர் அதே நிகழ்ச்சிக்குப் பலமுறை வந்தார். நாடாளுமன்ற உறுப்பினரான பின்னர் தொகுப்பாளராகவும் இருந்தார். 2008இல் லண்டன் மேயரானார். 2012 ஒலிம்பிக் நாட்களில் விக்டோரியா பூங்காவில் கம்பிவடத்தில் சறுக்கிவந்து, இரண்டு கைகளிலும் தேசியக்கொடியோடு நடுவானில் தொங்கி நின்றார். உலகில் வேறெந்த அரசியல்வாதிக்கு இது நேர்ந்தாலும் பேரழிவு, பொரிஸுக்கோ வெற்றி என்று பிரதமர் டேவிட் கமரூன் அப்போது கூறியது சரியான கணிப்பு. தன்னைத் தானே கேலி செய்துகொள்பவரைக் கேலி செய்வதற்கு நையாண்டிக்காரரிடம் எதுவும் மிஞ்சுவதில்லை.

இது அரசியல் தெரிந்தவர்களோடு நின்ற வசியமும் இல்லை. ஹரோவில் இருக்கும் என் மாமிக்கு ஆங்கில அரசியல் அவ்வளவு பரிச்சயமில்லை. ஆனால் ஜோன்சன் தொலைக்காட்சியில் வந்தால் வேலையை விட்டுவிட்டு வந்து பார்ப்பார். "இவன்ர தலைமயிர் சீப்பையே கண்டிராது, எண்டாலும் நல்ல பகிடிக்காரன்" என்பார். கட்சியும் கொள்கையும் எட்டாத இடத்துக்கெல்லாம் அந்தப் பகிடி போய்ச் சேர்ந்திருந்தது.

மாமியின் கேள்வி

மாமா 2021 ஜனவரியில் கொரோனாவால் ஆஸ்பத்திரியில் இறந்தார். இங்கிலாந்தில் அப்போது இறுதிச் சடங்குக்கு 30 பேர்தான் வரலாம். ஊரிலும் கனடாவிலும் இருந்த உறவினர்கள் ஸூமில் பார்த்தார்கள். எட்டுச் செலவுக்கு வீட்டில் ஆட்களைக் கூட்டவே இல்லை. அந்தியேட்டிக்கும் ஐயர் திரையில்தான் வந்தார். மாமி சட்டத்தை ஒரு வரிகூட மீறவில்லை. சொந்தத் தங்கையைக்கூட வாசலில் நிறுத்தித்தான் கதைத்தார். யாரும் தன்னால் நோயாளியாகிவிடக்கூடாது என்ற ஒரே நினைப்பு அவருக்கு.

2021 டிசம்பர் 7 அன்று மாலை ஐடிவி செய்தி ஒரு காணொளியை வெளியிட்டது. முந்தைய ஆண்டு டிசம்பர் 22 அன்று, அப்போது பிரதமராக இருந்த ஜோன்சனின் அலுவலகத்தின் புதிய ஊடக அறையில், அப்போதைய ஊடகப் பேச்சாளர் அலெக்ரா ஸ்ட்ராட்டன் செய்தியாளர் சந்திப்புக்கு ஒத்திகை பார்த்த பதிவு அது. வெள்ளிக்கிழமை இரவு டவுனிங் தெருவில் கிறிஸ்மஸ் விருந்து நடந்ததாமே என்று சக ஊழியர் ஒருவர் செய்தியாளராக நடித்துக் கேட்கிறார். ஸ்ட்ராட்டன் மேடையில் நின்று சிரிக்கிறார், பதிலைத் தேடுகிறார், அறையில் இருப்பவர்கள் பாலாடைக்கட்டி, வைன் என்று எடுத்துக் கொடுக்கிறார்கள், அந்தக் கற்பனை விருந்து ஓர் அலுவலகக் கூட்டம்தான், சமூக இடைவெளி மட்டும் பேணப்படவில்லை என்கிறார், எல்லோரும் மீண்டும் சிரிக்கிறார்கள். ஒரு நிமிடமும் நீடிக்காத காட்சி. மாமி அன்று எங்கள் வீட்டில் இருந்தார். முதலில் அவருக்கு ஆங்கிலம் முழுதாகப் பிடிபடவில்லை. நான் விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "உவை ஆரைப் பார்த்துச் சிரிக்கினம்? எங்களையோ?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு எல்லாம் திரும்பியது. ஜோன்சன் இந்த நாட்டோடு செய்துகொண்ட ஒப்பந்தமே, நானும் நீங்களும் சேர்ந்து சிரிப்போம் என்பதுதான். இருபது ஆண்டுகளாக நையாண்டிக்காரர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தது எல்லாம் அந்த ஒப்பந்தத்துக்குள் அடங்கிப்போனது. சிரிப்புக்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அந்த அறைக்குள்ளும் ஆட்கள் சிரிக்கிறார்கள், அவர்கள் சிரிப்பது விதியைப் பின்பற்றியவர்களுடைய இழப்பின் மேல் நின்றுகொண்டு என்பதை எந்த நகைச்சுவைக் கலைஞரும் காட்டவில்லை. கசிந்த ஒரு பதிவு காட்டியது. அதே இரவு ஐடிவியின் பிரபலமான காட்டு முகாம் போட்டி நிகழ்ச்சியில், பொதுவாக அரசியலைத் தொடாத தொகுப்பாளர்களான ஆன்ட் அன்ட் டெக், அந்தக் கற்பனை விருந்து என்ற சொற்களையே எடுத்து, கமராவைப் பார்த்துப் பிரதமருக்கு மாலை வணக்கம் சொன்னார்கள்; சற்று நிறுத்தி, இப்போதைக்குப் பிரதமர் என்று பொருள்படச் சேர்த்தார்கள். அவர்கள் எதையும் மிகைப்படுத்தவில்லை. அதிகாரத்தின் வாயிலிருந்து வந்த சொல்லை மக்களின் பக்கத்தில் நின்று திருப்பிச் சொன்னார்கள். மறுநாள் ஸ்ட்ராட்டன் கண்ணீரோடு பதவி விலகினார். விசாரணையின் முடிவில் 126 அபராதங்கள் விதிக்கப்பட்டன. பதவியில் இருக்கும்போதே சட்டத்தை மீறியதற்காகத் தண்டம் கட்டிய முதல் பிரதமர் ஜோன்சன். 2022 ஜூலையில் அவரை இறக்கியது வேறொரு விவகாரமும் ஐம்பதுக்கு மேற்பட்டவர்களின் பதவி விலகலும்தான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த டிசம்பருக்குப் பிறகு அவருடைய பகிடி எங்கள் வீட்டில் எடுபடவில்லை.

அதனால்தான் லெட் பை டொங்கீஸ் என்ற நால்வர் குழுவின் வழிமுறை எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தெரிகிறது. பிரெக்ஸிட் குழப்பத்தின் உச்சத்தில் அவர்கள் செய்தது மிக எளிது. என்னோடு நிலையான ஆட்சி, அல்லது எட் மிலிபாண்டோடு குழப்பம் என்று 2015இல் அன்றைய எதிர்க்கட்சித் தலைவரைக் காட்டிக் கமரூன் எழுதிய டுவீட் போன்றவற்றை அப்படியே பெரிய விளம்பரப் பலகைகளில் ஒட்டினார்கள். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. 2021 வசந்தத்தில், நாடாளுமன்றத்துக்கு எதிரே தேம்ஸ் கரையோரச் சுவரில், கொரோனாவில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்பு இதயம் வரையும் முயற்சிக்கு உறவினர்களோடு துணை நின்றவர்களும் இவர்களே. அந்தச் சுவர் அரைக் கிலோமீற்றர் நீளும். மச்சாள் போய் மாமாவின் பெயரை எழுதிவிட்டு வந்தாள். விளம்பரப் பலகையும் சுவரும் ஒரே வேலையைச் செய்கின்றன: சொன்னதையும் நடந்ததையும் மறக்க விடாமல் வைத்திருக்கின்றன. 2024 ஓகஸ்டில் ட்ரஸ் பேசிக்கொண்டிருந்த ஒரு மேடையில் அவருக்குப் பின்னால் லெட்டூஸ் படத்தோடு, நான் பொருளாதாரத்தை நொறுக்கினேன் என்ற பதாகையை இறக்கியவர்களும் இவர்கள்தான். அவர் கோபத்தோடு மேடையை விட்டுப் போனார். அந்த இடத்தில் லெட்டூஸைப் பற்றிய என் மனத்தாங்கல் கொஞ்சம் தணிந்தது. பழைய கேலி அங்கே குற்றச்சாட்டின் முத்திரையாகிவிட்டது.

நையாண்டியே பயனற்றது என்று நான் எழுதவில்லை. 2010 ஜனவரி 24 அன்று, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாட்கள் இருக்கையில், இலங்கையில் பிரகீத் எக்னலிகொட என்ற ஊடகவியலாளர், கேலிச்சித்திரங்களும் வரைந்தவர், காணாமலாக்கப்பட்டார். அந்தத் தீவிலிருந்து வந்த எவராலும் இந்த நாட்டில் சிரிப்பதற்கு உள்ள உரிமையை இலேசாக எண்ண முடியாது. இங்கே 500 பவுண் வைப்புப் பணமும் பத்து வாக்காளர்களின் கையொப்பமும் இருந்தால் எவரும் பிரதமரின் தொகுதியிலேயே போட்டியிடலாம். குப்பைத்தொட்டி வடிவத் தலைக்கவசம் அணிந்த கவுண்ட் பின்ஃபேஸ் ஜோன்சனுக்கு எதிராகவும் ரிஷி சுனாக்குக்கு எதிராகவும் அப்படித்தான் நின்றார். தேர்தல் அதிகாரி அவருடைய பெயரையும் பிரதமரின் பெயரையும் ஒரே தொனியில் வாசித்தார். 2024 லண்டன் மேயர் தேர்தலில் அவர் 24,260 வாக்குகள் பெற்று, தீவிர வலதுசாரிக் கட்சியான பிரிட்டன் ஃபர்ஸ்டை முந்தினார். 1990 மே மாதம் பூட்டில் இடைத்தேர்தலில், டேவிட் ஓவனின் கட்சி, நகைச்சுவைக்கென்றே தொடங்கப்பட்ட மொன்ஸ்டர் ரேவிங் லூனி கட்சியிடம் பின்தங்கி, சில நாட்களில் தன்னைக் கலைத்துக்கொண்டது. ஸ்டீலைப் பைக்குள் வைத்திருந்ததாகக் காட்டப்பட்ட அதே ஓவன்.

என் மறுப்பெல்லாம் நகைச்சுவை மேடையில் அரசியல்வாதிக்கு ஓர் ஆசனம் போடுவதைப் பற்றியதுதான். ஆன்ட் அன்ட் டெக் பிரதமரைக் கேள்வி கேட்ட அதே நிகழ்ச்சிக்கு, மறு ஆண்டே, கொரோனாக் காலத்துச் சுகாதார அமைச்சர் மட் ஹான்கொக் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபடியே போட்டியாளராக வந்தார். 3,20,000 பவுண் பெற்றார். வெளியேறு என்று இறந்தவர்களின் குடும்பங்கள் முகாமுக்கு மேலே விமானத்தில் பதாகை பறக்கவிட்டன. அவர் பூச்சிகளுக்கு நடுவே படுத்து, ஒட்டகத்தின் உறுப்பைத் தின்று, மூன்றாம் இடம் பெற்றார். 2023இல் பிரெக்ஸிட் பிரசாரகர் நைஜல் ஃபராஜ் வந்தார். அவரும் மூன்றாம் இடம். ஏழுமுறை தோற்றிருந்த அவர் 2024 ஜூலையில் கிளாக்டனில் வென்று நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். நிகழ்ச்சிதான் அவரை வெல்லவைத்தது என்று எவராலும் நிறுவ முடியாது. ஆனால் அரசியல் எட்டாத வீடுகளுக்குள் பகிடியாக நுழையும் அந்த வழியை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

என் மகன் இதை ஒத்துக்கொள்வதில்லை. பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறான். இந்த விவாதம் எங்களுக்குள் அடிக்கடி எழும். அரசியல்வாதிகளை நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கு அழைக்கவே கூடாது என்று நான் சொன்னபோது அவன் கேட்டான்: "அந்தத் தொலைபேசிக் கதையை ஜோன்சனிட்டை நேருக்கு நேர், நாடு பார்க்கக் கேட்டது ஆர் அப்பா? ஹிஸ்லொப்தானே? சனம் சிரிச்சதுக்கு அவர் என்ன செய்வார்?" அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி என்பது உண்மை. அரங்கம் சிரிக்காமல் இருந்திருந்தால் ஜோன்சன் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும் என்று நான் சொன்னேன். அப்படியென்றால் நீங்கள் குறை சொல்ல வேண்டியது நிகழ்ச்சியை அல்ல, பார்வையாளர்களை என்றான். அதற்கு என்னிடம் இன்னும் சரியான மறுமொழி இல்லை. ஹான்கொக்குக்கு வாக்களித்தவர்களை நினைத்தால் அவன் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.